பலேர்மோவில் குடியேற நினைக்கும் தமிழர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் தென்கோடியில், சிசிலித் தீவின் வடகரையில் இருக்கும் பலேர்மோவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் முதுகலை படிக்க வந்தேன். படிப்பு முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். ஊரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் பலர் எழுதிக் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மத்தியதரைக் கடலோரத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்க, ஏன் பலேர்மோ?

கடல், மலை, இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுப் பழைமை, ஆறு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஒரு முழு நகரம். இவை எல்லாம் ஒன்றாக இருந்தும் வாடகை கையைக் கடிக்காத ஊர்கள் மேற்கு ஐரோப்பாவில் குறைவு. பிரான்சின் நீஸ் நகரிலோ பார்சிலோனாவிலோ ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே பால்கனியோடு ஒரு வீடே கிடைக்கும்.

ஆனால் இந்த ஊர் ஏன் மலிவாக இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இத்தாலியிலேயே வேலையின்மை மிக அதிகமுள்ள பகுதிகளில் சிசிலியும் ஒன்று. படித்த சிசிலியப் பிள்ளைகள் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில்தான் நாம் குறைந்த வாடகைக்குக் குடியேறுகிறோம். வருமானத்தைக் கையோடு கொண்டுவருபவருக்கு இது மலிவான ஊர். வருமானத்தை இங்கே தேடப்போகிறவருக்கு அப்படியில்லை. கீழே நான் எழுதியிருக்கும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

மாதம் எவ்வளவு செலவாகும்?

தனி ஆளாக என் கணக்கைச் சொல்கிறேன். வாடகை 550 யூரோ. சாப்பாட்டுக்கு 220 முதல் 250 வரை. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், குப்பை வரி எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 110. இணையமும் கைப்பேசியும் 35. பஸ், ரயில், எப்போதாவது வெளியூர் என்று 60. ஆக ஏறத்தாழ ஆயிரம் யூரோ. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்றால் 1,700 முதல் 2,000 யூரோ வரை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிடும் பழக்கம் இருந்தால் இன்னும் கூடும். இங்கே தெருவில் சாப்பிடத்தான் செலவு குறைவு. மேசை போட்டுப் பரிமாறும் உணவகம் அப்படியல்ல.

முதல் மூன்று மாதங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டு முன்பணம், தரகர் கூலி, ஆவணக் கட்டணம், மொழிபெயர்ப்பு என்று பணம் தண்ணீராய்ப் போகும். ஐந்தாயிரம் யூரோவாவது தனியாக ஒதுக்கி வையுங்கள்.

அங்கே வந்து வேலை தேடலாமா?

வேண்டாம். சுற்றுலா விசாவில் இறங்கிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். இத்தாலி ஆண்டுதோறும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஓர் எண்ணிக்கையை அறிவிக்கிறது. முதலாளி இங்கிருந்து விண்ணப்பித்து, அனுமதி வந்து, அதன்பிறகு உங்கள் ஊரில் விசா வாங்க வேண்டும். அந்த அனுமதிக் காகிதத்தை லட்சக்கணக்கில் விலைபேசி விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் இருக்கும் முதலாளி நேரில் இருக்கமாட்டார். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு இங்கே வந்து ரயில் நிலைய வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் எந்த விசாவில் வருவது?

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

படிப்பு. பலேர்மோ பல்கலைக்கழகம் 1806-இல் தொடங்கியது. ஆங்கிலவழிப் பாடங்களும் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறையும். உதவித்தொகையும் கிடைக்கும். இளைஞர்களுக்கு இதுவே நல்ல வழி.

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கான விசா 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 25,000 யூரோ வருமானம், பட்டம் அல்லது அதற்கு இணையான தொழில் அனுபவம், மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, குறைந்தது ஆறு மாதம் அதே வகை வேலை செய்ததற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். இந்த வருமானம் சென்னையில் இருக்கும் பல கணினித் துறையினருக்கு எட்டக்கூடியதுதான். உங்கள் நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் தருமா என்பதுதான் பெரும்பாலும் சிக்கல்.

மூன்றாவது, சொந்த வருமானத்தில் உட்கார்ந்து வாழ்பவர்களுக்கானது. ஓய்வூதியம், வாடகை வருமானம், முதலீடு என்று ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ காட்ட வேண்டும். கணவனோ மனைவியோ சேர்ந்து வந்தால் இன்னும் கூட்டிக் காட்ட வேண்டும். இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. மடிக்கணினியில் வெளிநாட்டுக்குச் செய்யும் வேலையும் இதில் அடங்கும். இதைப் பலரும் தெரியாமல் தவறவிடுகிறார்கள்.

தொகைகள் மாறும். விண்ணப்பிக்கும் நாளில் தூதரகம் கேட்கும் தொகைதான் கணக்கு.

இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ' என்பது அதன் பெயர். இங்குள்ள தமிழர்கள் சுருக்கமாகச் 'சொஜோர்னோ' என்பார்கள். பெரிய தபால் நிலையங்களில் இதற்கான உறை இலவசமாகக் கிடைக்கும். படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட்டின் நகல்களை வைத்து, 16 யூரோ வருவாய் முத்திரையை ஒட்டித் தபால் நிலையத்திலேயே கொடுக்க வேண்டும். அந்த முத்திரை தபால் நிலையத்தில் கிடைக்காது. தெருமுனைப் புகையிலைக் கடையில் வாங்கி வர வேண்டும். முதல் நாள் இது தெரியாமல், வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று திரும்பினேன்.

கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உங்கள் உயிர். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கைரேகை கொடுக்கக் காவல்துறைத் தலைமையகத்துக்குப் போக வேண்டிய நாளும் நேரமும் அதே ரசீதோடு குறித்துத் தரப்படும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். விசா முடிந்து ரசீது மட்டும் கையிலிருக்கும் காலத்தில் பிராங்ஃபர்ட், பாரிஸ் போன்ற மற்ற ஷெங்கன் விமான நிலையங்கள் வழியாக ஊருக்குப் போய்வர முடியாது. பொங்கலுக்கு டிக்கெட் போடுமுன் இதை நினைவில் வையுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லை. பிரச்சினையா?

பிரச்சினைதான். தமிழர்களுக்கு இத்தாலியில் வரும் முதல் தலைவலியே பெயர்தான்.

இந்த நாட்டில் எதற்கும் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்னும் வரி எண் வேண்டும். கைப்பேசி அட்டை, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மருத்துவர் என்று எங்கும் அதைத்தான் கேட்பார்கள். பதினாறு இடங்கள் கொண்ட அந்த எண் உங்கள் பெயரிலிருந்தே பிறக்கிறது. முருகேசன் மகள் கவிதாவை எடுத்துக்கொள்வோம். குடும்பப்பெயர் முருகேசன் என்றால் ஆங்கில எழுத்தில் அதன் முதல் மூன்று மெய்கள் எம், ஆர், ஜி. கவிதா (Kavitha) என்பதில் மெய்கள் நான்கு இருப்பதால் இரண்டாவதை விட்டுவிட்டு கே, டி, எச். பிறகு ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறந்த நாள். பெண் என்றால் நாளோடு நாற்பதைக் கூட்டுவார்கள். 12-ஆம் தேதி பிறந்த கவிதாவுக்கு அது 52. பின்னால் பிறந்த நாட்டின் குறியீடு. இந்தியாவுக்கு இசட் 222, இலங்கைக்கு இசட் 209. கடைசியில் சரிபார்ப்பு எழுத்து ஒன்று.

இப்போது பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும்? ஓர் அலுவலகம் முழுப்பெயரையும் குடும்பப்பெயராக எழுதும். இன்னொன்று இரண்டாகப் பிளக்கும். இரண்டுக்கும் இரண்டு எண்கள் பிறந்து நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். அதைத் திருத்த எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆகவே ஊரை விட்டுக் கிளம்புமுன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா பெயரைக் குடும்பப்பெயராக வைத்தால் போதும். பிறப்புச் சான்றிதழ், பட்டம், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். இந்திய ஆவணங்களுக்கு, வெளிநாட்டில் அவை செல்லும் என்று அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கிருந்து செய்வது பெரும்பாடு.

வீடு எப்படிப் பிடிப்பது? எந்தப் பகுதி நல்லது?

பழைய நகரத்துக்குள் வாழ ஆசையிருந்தால் அல்பெர்கேரியா, காப்போ, கால்சா ஆகிய பகுதிகளைப் பாருங்கள். கற்சுவர், உயர்ந்த கூரை, கீழே சந்தை இரைச்சல். அழகு உண்டு, ஈரமும் உண்டு. குடும்பத்தோடு வருபவர்கள் நோத்தர்பார்தோலோ ரயில் நிலையத்தைச் சுற்றியும் லிபெர்த்தா சாலைப் பக்கமும் தேடலாம். வாடகை கொஞ்சம் கூடும். மின்தூக்கி இருக்கும், பள்ளி பக்கத்தில் இருக்கும். மொந்தெல்லோ கடற்கரை கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் குளிர்காலத்தில் வெறிச்சோடிப்போகும்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நான்கும் நான்குமாக எட்டு ஆண்டு, மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டு, 18 மாதம் வரையிலான தற்காலிக ஒப்பந்தம் என்று வகைகள் உண்டு. எதுவானாலும் 30 நாட்களுக்குள் வரி அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டவரைக் குடிவைத்ததை வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

என் முதல் வீட்டுக்காரர், "ஒப்பந்தம் எதற்கு? நாம் ஒரே குடும்பம் அல்லவா?" என்றார். வாடகையில் 50 யூரோ குறைத்தார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. ஐந்து மாதம் கழித்து, அனுமதியைப் புதுப்பிக்க முகவரிச் சான்று கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பதிவில்லாத ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. என் பெயரில் அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. இரண்டு மாத முன்பணத்தை இழந்து, தேர்வு நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். பதிவுசெய்ய மாட்டேன் என்பவரின் வீடு அரண்மனையாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு யூரோவுக்கு வீடு விற்கிறார்களாமே?

உண்மைதான், ஆனால் பலேர்மோவில் இல்லை. கான்ஜி, சம்பூகா, முஸ்ஸொமெலி போன்ற உள்நாட்டு மலையூர்களில்தான். ஆள் இல்லாமல் இடிந்து கிடக்கும் வீடுகள் அவை. வைப்புத்தொகை கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் செப்பனிட வேண்டும். செப்பனிடும் செலவு பல்லாயிரம் யூரோ. வீடு வாங்கினால் தங்கும் அனுமதி கிடைத்துவிடும் என்பதும் தவறு. இரண்டுக்கும் தொடர்பில்லை.

ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். மின்னழுத்தம் ஊரைப் போலவே 230 வோல்ட்தான். செருகி மட்டும் வேறு, அதற்கு ஒரு மாற்றி போதும். கவனிக்க வேண்டியது வேறொன்று. இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமாகத் தரப்படும் மின்திறன் 3 கிலோவாட். துணி துவைக்கும் இயந்திரமும் வெந்நீர்க் கொதிகலனும் ஓடும்போது குளிர்சாதனத்தையும் போட்டால் 'டக்' என்று எல்லாம் அணைந்துவிடும். சில கட்டடங்களில் மின்மானி தரைத்தளத்தில் இருக்கும். நான்கு மாடி இறங்கிப் போய் விசையைத் தூக்கிவிட்டு வர வேண்டும். ஒருமுறை இட்லி மாவு கையோடு இறங்கியிருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி ஊரில் யாருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கும் மொட்டைமாடித் தொட்டிதான் கதி. வறட்சியால் 2024 அக்டோபரில் நகரின் சில பகுதிகளில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். வீடு பார்க்கும்போது தொட்டி உங்களுக்கே உரியதா, கட்டடத்துக்குப் பொதுவானதா என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சிரமப்படுவேனா? சைவம் கிடைக்குமா?

சிரமமே இல்லை. பல்லாரோ சந்தைக்கு ஒரு சனிக்கிழமைக் காலை போய்ப் பாருங்கள். கத்தரிக்காய் மூன்று நிறத்தில் குவிந்திருக்கும். வியாபாரிகள் பாட்டுப் போலக் கூவி அழைப்பார்கள். அதற்கென்று 'அப்பன்னியாத்தா' என்ற தனிச்சொல்லே சிசிலிய மொழியில் இருக்கிறது. கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். 'பனெல்லே' என்று பெயர். முதல் கடியில் பஜ்ஜி நினைவு வரும்.

எனக்கு வியப்பாக இருந்தது சுரைக்காய். கோடையில் இந்தச் சந்தையில் கம்புபோல் நீண்ட வெளிர்பச்சைக் காய் ஒன்று வரும். உயரம் ஏறத்தாழ என் இடுப்புவரை. பக்கத்தில் அதன் இளந்தளிரும் கொடியுமாகக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். அதை முகர்ந்ததும் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் கண்முன் வந்தது. நம் சுரைக்காயேதான், இனமும் அதுவே. அந்தத் தளிரைப் பொடியாக நறுக்கி, தக்காளி, பூண்டு சேர்த்து, உடைத்த ஸ்பகெட்டியோடு வேகவைத்து வெயில் காலத்தில் கஞ்சிபோல் குடிக்கிறார்கள். 'தெனெரூமி' என்பார்கள். இத்தாலியின் வடபகுதியில் பலருக்கு இது தெரியாது. நான் பாசிப்பருப்பு சேர்த்துச் செய்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ருசி பார்த்துவிட்டு, பருப்பை எப்போது போட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

கறிவேப்பிலை, பச்சைமிளகாய், தேங்காய், புழுங்கலரிசி எல்லாம் பழைய நகரத்தில் இருக்கும் இலங்கை, வங்காளதேசக் கடைகளில் கிடைக்கும்.

பலேர்மோவில் தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வந்து சேர்ந்தார்கள். வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு, சமையல் என்று உழைத்துத் தலைமுறையாக வேரூன்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோயில் உண்டு, தமிழ்ப் பள்ளி உண்டு, பூங்காக்களில் கிரிக்கெட் உண்டு. இந்த ஊரில் தமிழன் என்றால் நாணயமானவன் என்ற பெயரை அவர்கள் சம்பாதித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு வீடு கொடுப்பவர் நம்பிக் கொடுப்பது அவர்கள் பெயரால்தான். வந்திறங்கும் கணினித் துறைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் போங்கள். நகரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே இருக்கிறது. 1624-இல் கொள்ளைநோய் ஊரை வாட்டியபோது, அந்த மலையில் கண்டெடுத்த அவரது எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச்சென்ற பின் நோய் தணிந்தது என்பது இவர்கள் நம்பிக்கை. கிறித்தவர், இந்து என்ற வேறுபாடில்லாமல் தமிழர்கள் அங்கே ஏறிப்போகிறார்கள். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரை வளைந்த உலோகத் தகடுகள் ஏந்தி ஓரமாக ஓடவிடும். நான் போன நாளில், பட்டுச்சேலை கட்டிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கைவிரலை அந்த நீரில் நனைத்துப் பேரனின் நெற்றியில் வைத்தார். "பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், தம்பி. இவள் தருவாள்" என்றார்.

ஜூலை 14 இரவு ரொசாலியாவின் பெருவிழா. கப்பல் வடிவத் தேரைப் பழைய நகரத்தின் நடுத்தெரு வழியாகக் கடல்வரை இழுத்துச் செல்வார்கள். தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது அந்நியம் தெரியாது.

இத்தாலி மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சுற்றுலாப் பயணியாக முடியும். குடியிருப்பவராக முடியாது. அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஆங்கிலத்தை நம்பாதீர்கள். முதல்முறை அனுமதி வாங்கும் பலரும் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடக்கநிலை இத்தாலி மொழி கற்பதாக அரசோடு ஒப்பந்தமே போட வேண்டும். பெரியவர்களுக்கான அரசுப் பள்ளிகளில் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் மொழிப்பள்ளியும் நல்லது. தமிழருக்கு இத்தாலி மொழியின் உச்சரிப்பு எளிது. உயிரெழுத்துகள் தெளிவாக ஒலிக்கும், இரட்டை மெய்யை அழுத்திச் சொல்ல நமக்கு நாக்கு பழகியிருக்கிறது. ஊரிலேயே ஆறு மாதம் படித்துவிட்டு வாருங்கள். சந்தையில் கேட்கும் சிசிலிய மொழி வேறு. அது மெல்லக் காதில் ஏறும்.

மருத்துவ வசதி எப்படி?

வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அரசு மருத்துவத் திட்டத்தில் இடம் உண்டு. மாணவர்கள் விரும்பினால் ஆண்டுக்கு 700 யூரோ கட்டிச் சேரலாம். சொந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கு 2024 முதல் குறைந்தபட்சக் கட்டணம் 2,000 யூரோ. சேர்ந்ததும் குடும்ப மருத்துவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவரைப் பார்க்கக் கட்டணமில்லை. மருத்துவர்கள் திறமையானவர்கள். ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும் ஸ்கேன் எடுக்கவும் வரிசை நீளும். அவசரம் என்றால் காசு கொடுத்துத் தனியாரிடம் போவதுதான் இங்குள்ளவர்களே செய்வது. நாள்பட்ட நோய் உள்ள பெற்றோரை அழைத்துவர நினைப்பவர்கள் இதைத் தீர யோசியுங்கள். ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய எண் 112.

பிள்ளைகளின் பள்ளி?

அரசுப் பள்ளி இலவசம். 6 முதல் 16 வயது வரை கட்டாயம். பாடம் இத்தாலி மொழியில்தான். ஏழு எட்டு வயதுக்குள் வந்த பிள்ளைகள் ஓராண்டில் பேசிவிடுகிறார்கள். பதினான்கு வயதில் அழைத்துவருவது பிள்ளைக்குக் கொடுமை. ஆங்கிலவழிப் பள்ளிக்கு இங்கே வாய்ப்பு மிகக் குறைவு.

மாஃபியா ஊராயிற்றே, பயமில்லையா?

1992-இல் மாஃபியாவை எதிர்த்த நீதிபதிகள் ஃபல்கோனேயும் போர்செல்லினோவும் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள், முன்னவர் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில், பின்னவர் நகருக்குள்ளேயே. இன்று விமான நிலையம் அந்த இருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. குடியிருப்பவரின் அன்றாட வாழ்வில் துப்பாக்கி கிடையாது. கடை வைப்பவர்களிடம் மாமூல் கேட்கும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. 2004-இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய 'அத்தியோபித்சோ' இயக்கத்தில் சேர்ந்து, மாமூல் தரமாட்டோம் என்று அறிவித்த கடைகளின் கதவில் அதற்கான வில்லை ஒட்டியிருக்கும். 2016-இல் மக்வேதா சாலையில் கடை வைத்திருந்த வங்காளதேசத்தவர்கள் துணிந்து புகார் கொடுத்துப் பலரைக் கைதுசெய்ய வைத்தார்கள். குடியேறிகள் காட்டிய அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும்.

உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து பஸ்ஸில் பணப்பை போவதும், சிவப்பு விளக்கை மதிக்காத ஸ்கூட்டரும்தான்.

நிறவேற்றுமை காட்டுவார்களா?

முகத்துக்கு நேரே வெறுப்பை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வலிப்பது வேறு. "எந்த வீட்டில் வேலை செய்கிறாய்?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். கறுத்த தோல் என்றால் பணியாள் என்று மனதில் பதிந்துவிட்டது. வெளிநாட்டவருக்கு வீடு தரமாட்டேன் என்று தொலைபேசியிலேயே சொல்பவர்களும் உண்டு. அதே சமயம், எனக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் மூன்றாம் மாடியிலிருந்து கூடை கட்டிச் சூப் இறக்கியவரும் இந்த ஊர்க்காரர்தான்.

கார் ஓட்டலாமா?

குடியிருப்புப் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுவரை இந்திய உரிமத்தோடு, சர்வதேச அனுமதியும் வைத்துக்கொண்டு ஓட்டலாம். அதன்பின் இந்திய உரிமத்தை மாற்றித் தரமாட்டார்கள். புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். 30 கேள்விகள், 20 நிமிடம், மூன்று தவறுக்கு மேல் போனால் தோல்வி. ஆங்கிலத்தில் கிடையாது. பழைய நகரத்துக்குள் வாழ்ந்தால் கார் தேவையே இல்லை. ரோமிலிருந்து ரயிலிலும் வரலாம். மெஸ்ஸினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்துவார்கள். ஒருமுறையாவது அப்படி வாருங்கள்.

வரி?

ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே வசித்தால் உலகம் முழுதும் ஈட்டும் வருமானத்துக்கு இங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. வெளிநாட்டு ஓய்வூதியக்காரர்களுக்கு 7 சதவீத வரி என்ற சலுகை தென்னித்தாலியின் சிறிய ஊர்களுக்கு மட்டும்தான், பலேர்மோவுக்கு இல்லை. அதை விரும்புபவர்கள் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள செஃபாலூ போன்ற கடலோரச் சிற்றூரைப் பார்க்கலாம். இதற்கு ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

முடிவெடுக்குமுன் ஒருமுறை வந்து பார்க்க நினைக்கிறேன். எப்போது வரட்டும்?

எல்லோரும் மே மாதம் வருகிறார்கள். மல்லிகை மணக்கும், கடல் நீலமாகத் தெரியும், ஊர் மயக்கிவிடும். நீங்கள் பிப்ரவரியில் வாருங்கள். வெளியே 10 டிகிரிதான், ஆனால் சூடேற்றும் வசதி இல்லாத கல்வீட்டுக்குள் குளிர் எலும்பில் இறங்கும். மூன்று நாள் மழையில் துணி காயாது. முடிந்தால் ஆகஸ்ட் நடுவிலும் ஒரு வாரம் தங்குங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாளில் வெப்பம் 40-ஐத் தாண்டும். கடைகள் பாதி மூடியிருக்கும். குப்பைத்தொட்டி நிரம்பி வழியும். விடுதியில் தங்காமல் அல்பெர்கேரியாவில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுங்கள். தபால் நிலையத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். 806-ஆம் எண் பஸ்ஸில் மொந்தெல்லோவுக்குப் போய், திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்து நில்லுங்கள். அன்று மாலை வீட்டுக்கு நடக்கும் வழியில் சந்தையில் யாராவது கூப்பிட்டு ஒரு துண்டு தர்ப்பூசணியைக் கையில் திணிப்பார்கள். அதை வாங்கித் தின்றுகொண்டே கணக்குப் போடுங்கள்.